பட்டைக்கு விலை சொன்ன பறவை

பாய்மரக் கப்பல்கள் வந்துபோன அந்தக் காலத்தில் லவங்கப்பட்டைக்கு மணம் மரத்திலிருந்து வந்தது. விலை பறவையிடமிருந்து வந்தது. எட்டாத மலையுச்சியில் ராட்சதப் பறவைகள் பட்டைக் குச்சிகளால் கூடு கட்டுமாம். உயிரைப் பணயம் வைத்துத்தான் அதைப் பறித்து வர வேண்டுமாம். துறைமுகத் தெருவின் பத்துக் கிடங்குகளிலும் இந்தப் பறவைதான் முதலாளி. கடலுக்கு அப்பால் யாரோ தோட்டத்தில் நிழலில் உட்கார்ந்து உரித்த சரக்கு என்றால் எவன் வாங்குவான்?

அந்தக் கிடங்குகளில் ஒன்றை நடத்திவந்த அவள் கணவன் பரண் ஏணியிலிருந்து விழுந்தான். மேலே இருந்த பட்டைக் கட்டு ஒன்றை இறக்கப் போனவன். மூன்று நாள் அவள் மடியில் கிடந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டே போய்ச் சேர்ந்தான்.

பத்தாம் நாள் கொழுந்தன் கிடங்கைத் திறந்தான். மொத்த வியாபாரி வந்து, "அண்ணன் எங்கேப்பா?" என்றார்.

"பறவை கொத்திடுச்சுங்க" என்று கொழுந்தன் கண்ணைத் துடைத்தான். விலை அங்கேயே இரட்டிப்பானது. தம்பியென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! செத்த அண்ணனையும் சும்மா இருக்க விடவில்லை.

உள்ளே உடைந்த பட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே போட்டாள். அவளிடம் மிச்சமிருந்தது அந்த மூன்று நாள்தான். அதையும் பறவைக்குக் கொடுப்பதா? வெளியே வந்தாள்.

"பறவையும் இல்ல, மலையும் இல்ல. அதோ, அந்த ஏணியிலேருந்து விழுந்தாரு. என் மடியிலதான் உயிர் போச்சு."

"அண்ணி, சும்மா இருங்க!"

"நீ வாயை மூடு. அண்ணன் சாவையுமா எடை போட்டு விக்கிறே?"

வியாபாரி ஏணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே! மலைக்கு வழி கேட்டுடுவேன்னு பயமா? இந்தத் துக்கத்துலயும் தொழில் ரகசியத்தை விடலையே, கெட்டிக்காரி!" மும்மடங்கு விலைக்கு எடுத்துக்கொண்டார்.

கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். "இனிமே நீங்களே பேசுங்க அண்ணி. எனக்கு இவ்வளவு நல்லா வராது."

அடுத்த மாதம் இன்னும் நான்கு கிடங்குகளில் பெண்கள் ஏணியைக் காட்டி அழுதார்கள். அவர்களில் இருவரின் கணவன்மார் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த மூன்று நாளைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. எவராவது கேட்டால், பறவை என்றாள்.