முப்பத்தேழாம் எண்

இரண்டாம் ஆண்டு புள்ளியியல் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். ஆனால் வருகைப் பதிவு எடுக்கும்போது சார் கூப்பிடுவது ஐம்பத்தோரு எண்களைத்தான். முப்பத்தாறு என்பார், ஒரு குரல் 'ப்ரெசென்ட் சார்' என்னும். அடுத்து முப்பத்தெட்டு என்று போய்விடுவார். நடுவில் பேனா மட்டும் ஒருமுறை அசையும். முப்பத்தேழு அவருடைய மகள். காலை ஏழு ஐம்பதுக்கு ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, விடைத்தாள் கட்டை மடியில் கொடுத்து, தன் கையாலேயே கொண்டுவந்து இறக்கிய பெண் வகுப்பில் இருக்கிறாளா என்று எதற்குக் கேட்பது?

எதற்கெடுத்தாலும் "முதல்ல சராசரியப் பாரு" என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சராசரி. அவள் சின்ன சராசரி. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். அதில் கோபப்பட அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் வந்து உட்கார்ந்ததும் பெஞ்சில் பேச்சு பாதியில் நின்றுவிடுமே, அதுதான் தாங்கவில்லை.

முதலாம் ஆண்டில் இவ்வளவு இல்லை. அப்பா முதலாம் ஆண்டுக்கு வருவதில்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் வாரம் ஐந்து வகுப்பு அவருடையது, வகுப்பாசிரியரும் அவர்தான். வீட்டில் கணக்கில் சந்தேகம் கேட்டால், "நாளைக்கு க்ளாஸ்ல கேளு, மத்தவங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்" என்பார். வகுப்பில் கேட்கலாம் என்று கையைத் தூக்கினால் பின்வரிசையிலிருந்து, "ஏன், ராத்திரி சாப்பிடும்போது கேக்கலியா?" என்று ஒரு குரல் வரும். இன்டெர்னலில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று வாங்கினாள். வீட்டிலேயே போட்டுக் கொடுத்தார் என்று பாதி வகுப்பு பேசிக்கொண்டது. அவள் விடைத்தாளை மட்டும் அவர் வேறொரு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னதும், அந்த ஆள் வம்பே வேண்டாம் என்று இறுக்கிப் போட்டதும் யாருக்குத் தெரியும்?

போன வருடம் துணைப்பாடமாக நிலவியல் படித்தாள். கல்லைச் சீவிச் சீவிக் கண்ணாடித்தாள் போல ஆக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அந்த மத்தியானம் அவள் மனதைவிட்டுப் போகவில்லை. அந்தத் துறை கல்லூரியின் இன்னொரு வளாகத்தில், பேருந்தில் நாற்பது நிமிடத் தொலைவில் இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு முறை துறை மாறலாம், இடம் மூன்று, நுழைவுத் தேர்வு உண்டு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். தேர்வு வியாழக்கிழமை, இரண்டாவது ஹவர். அப்பாவின் வகுப்பு.

விடுப்புக் கடிதம் வகுப்பாசிரியருக்குத்தான் எழுத வேண்டும். எழுதினால் அன்று மாலையே ஸ்கூட்டரில் பதில் சொல்ல வேண்டும். மாற்ற விண்ணப்பத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள் இருந்தன: வகுப்பாசிரியர் கையொப்பம், பெற்றோர் கையொப்பம். இரண்டு கதவையும் ஒரே ஆள் மறித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. முதலில் தேறுவோம், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, வியாழக்கிழமை வழக்கம்போல வண்டியில் வந்து இறங்கி, வகுப்பு இருந்த பக்கம் பத்தடி நடந்து, ஆய்வகத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

ஒரு தட்டில் பத்துக் கற்களை வைத்து, தெரிந்ததை எழுதச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்தாள், எடை பார்த்தாள், நகத்தால் கீறினாள், எழுதினாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் அவளை யாருடைய மகள் என்று கேட்கவில்லை.

மதியம் திரும்பி வந்தபோது பக்கத்து பெஞ்சுக்காரி காத்திருந்தாள். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"எங்கடி போன?"

"தலைவலி. என்ன ஆச்சு? ஆப்சென்ட் போட்டாரா?"

"ஆப்சென்ட்டா! காலி இடத்துக்கு டிக் போட்டாருடி. நிமிந்துகூடப் பாக்கல. பின்னாடி எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறோம். உனக்கென்னம்மா, நீ செத்தாக்கூட உனக்கு அட்டெண்டன்ஸ் விழும்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் தான் அங்கே உட்கார்ந்திருந்ததும் இல்லாததும் ஒன்றுதானா என்று தோன்றியது.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. மூன்று பேரில் அவள் இரண்டாவது. செவ்வாய்க்கிழமை அலுவலகக் கண்காணிப்பாளர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"வியாழக்கிழமை ரெண்டாவது ஹவர் இங்க க்ளாஸ்ல ப்ரெசென்ட். அதே நேரத்துல அங்க பரீட்சை ஹால்ல கையெழுத்து. உனக்கு என்னம்மா, ரெட்டைப் பிறவி யாராச்சும் இருக்காங்களா?"

அவள் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணு, பரீட்சை எழுதினது நீ இல்ல. இல்லாட்டி அப்பா போட்ட அட்டெண்டன்ஸ் தப்பு. ரெண்டுல எது?" சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பாரும்மா, க்ளாஸ்லதான் இருந்தேன், பேர வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா நான் இதோட மூடிடுவேன். நாலாவது ஆளுக்கு உன் இடம் போகும், அவ்வளவுதான். இல்லேன்னா அப்பாவுக்கு மெமோ போகும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஒரு கறை கிடையாது. யோசிச்சு, நாலு மணிக்குள்ள வகுப்பாசிரியர் கையெழுத்தோட கொண்டு வா."

மறுபடியும் அதே கையெழுத்து.

நூலகப் படியில் உட்கார்ந்து எழுதினாள். 'நான் அன்று வகுப்பில் இருந்தேன்.' நான்கே சொல். பேரை வாபஸ் வாங்குவதாக அதன் கீழே இன்னொன்று. எழுதி முடித்தபின், கீழே ஒரு கல் கிடந்ததை எடுத்து, என்ன வகை என்று பார்த்தாள். தெரிந்தது. அதைத் திரும்ப வைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போனாள்.

அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஆகவே அவர் சார்தான்.

"சார், இதுல ஒரு கையெழுத்து வேணும்."

அவர் வாசித்தார். கண்காணிப்பாளர் ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும், முகத்தில் வியப்பு இல்லை. பதிவேட்டைத் திறந்து முப்பத்தேழாம் வரிசையில் விரலை வைத்தார்.

"வியாழக்கிழமை நீ க்ளாஸ்ல இருந்தியா?"

"இருந்தேன்னே வச்சுக்கலாம், சார்."

"வச்சுக்கலாமா? நான் கேக்குறது இருந்தியா இல்லியான்னு."

"இல்ல, சார்."

"எங்க இருந்த?"

"நிலவியல் துறையில. பரீட்சை எழுதினேன்."

பக்கத்து மேசையில் ஒரு பேனா எழுதுவதை நிறுத்தியது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காலையில நான்தானே வண்டியில கூட்டிட்டு வந்தேன்?"

"ஆமா, சார்."

"அப்புறம் எப்படி நீ இல்லாம இருப்ப?"

அதட்டல் இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் முப்பத்தேழாம் வரிசை முழுக்க டிக், ஒரு இடைவெளி இல்லாமல்.

"இந்த செமஸ்டர்ல நாப்பத்தோரு க்ளாஸ்," என்றார். "இதுல எத்தனை நான் உன்னைப் பாத்துப் போட்டது?"

"மத்த நாளெல்லாம் இருந்தேன், சார்."

"அது உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். வியாழக்கிழமை டிக்கைச் சுற்றி வட்டம் போட்டார், பக்கத்தில் 'ஆ' என்று எழுதினார், கீழே தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். பிறகு அவள் எழுதிய தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு தாளில் தானே விளக்கம் எழுதினார். மூன்று வரி. கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"மெமோ வரும், சார்," என்றாள்.

"வரட்டும். விண்ணப்பம் எங்க?"

கொடுத்தாள். வகுப்பாசிரியர் கட்டத்தில் அதே சுருக்கொப்பம். அடுத்த கட்டத்தின்மேல் பேனா நின்றது. நின்று, மூடியை மாட்டிக்கொண்டது. "இது காலேஜ் வேலை இல்ல," என்றார்.

மாலை ஸ்கூட்டர் எப்போதும்போல முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. அவள் மடியில் விடைத்தாள் கட்டு. இரண்டு தலைக்கவசங்கள் இடித்துக்கொள்ளாதபடி தள்ளி உட்காரப் பழகியிருந்தாள். விண்ணப்பம் பையில் இருந்தது, வெள்ளிக்கிழமை கடைசி நாள். கேட்டால் மறுப்பார், கேட்காவிட்டால் நாள் போய்விடும். பின்னால் இருந்து தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான். சிக்னல் சிவப்பில் வண்டி நின்றது.

"அதுல பெற்றோர்னுதானே போட்டிருக்கு?" என்றார், திரும்பாமல்.

"ஆமாப்பா."

"உங்கம்மாவும் பெற்றோர்தான்."

பச்சை விழுந்தது. அவளுக்கு அந்தக் கட்டத்தில் வேறு யாரும் கையெழுத்துப் போடலாம் என்றே இரண்டு வாரமாகத் தோன்றியிருக்கவில்லை.

அம்மா மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை வாசிக்காமல் விடமாட்டாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் விண்ணப்பத்தை விளக்கடியில் பிடித்து வாசித்தாள்.

"கல்லு படிக்கப் போறியா?"

"ஆமாம்மா."

"உங்கப்பா என்ன சொன்னாரு?"

கூடத்தில் அப்பா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நான் ஒண்ணும் சொல்லல," என்றார்.

"சொல்லாம இருக்கத் தெரியுதே, அதுவே பெரிசு," என்று அம்மா கையெழுத்தைப் போட்டாள். "எனக்கு இதுல முழு சம்மதம்னு நினைக்காத. தினமும் நாப்பது நிமிஷம் பஸ்ஸுல போயிட்டு வந்து என்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது."

மாற்றம் அடுத்த செமஸ்டரில்தான். இன்னும் ஆறு வாரம் இதே பெஞ்சு, இதே வண்டி. மறுநாளும் ஏழு ஐம்பதுக்கு விடைத்தாள் கட்டு மடிக்கு வந்தது. மெமோ முந்தின நாள் மாலையே அவர் மேசைக்கு வந்திருந்ததாக ரேடியோ வகுப்பு முழுக்க ஒலிபரப்பிவிட்டிருந்தாள். அவள் உள்ளே வந்ததும் எப்போதும்போலப் பேச்சு பாதியில் நின்றது.

இரண்டாவது ஹவர். சார் வந்தார், பதிவேட்டைத் திறந்தார். எண்கள் வழக்கமான வேகத்தில் போயின. முப்பத்தைந்து. முப்பத்தாறு.

"முப்பத்தேழு."

முப்பத்தெட்டாம் எண்ணுக்காரன் பழக்கதோஷத்தில் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். யாரும் சிரிக்கவில்லை. சார் தலையைத் தூக்கி வரிசை வரிசையாகப் பார்த்தார். மூன்றாவது பெஞ்சு ஓரத்தில்தான் அவள் உட்காருவாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கண் அவளைத் தாண்டிப் போய், மறுபடி திரும்பி வந்தது.

"ப்ரெசென்ட், சார்," என்றாள். பழகாத வார்த்தை, குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது.

அவர் இன்னும் ஒரு கணம் பார்த்துவிட்டு டிக் போட்டார்.