ஸ்பிரிட் காயுமுன்

"அசையாதடி. ஊசியா குத்தப் போறேன்?" என்றாள் அக்கா.

"வலிக்குமாக்கா?"

"நாள் முழுக்க ஊர்ல உள்ளவங்க கையில ஊசி குத்துறவ நான். என்கிட்டப் போய்க் கேக்குற பாரு."

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தங்கைக்குச் செருப்புக் கடையில். முகமெல்லாம் பரு கிளம்பியதும், "முகம் தெளிஞ்சதும் கடை முன்னாடி வாம்மா" என்று முதலாளி அவளைப் பின்னறையில் பெட்டி அடுக்க அனுப்பிவிட்டார். அவராவது நயமாகச் சொன்னார். "நிலாவுல பள்ளம் பாக்க எங்கயும் போக வேணாம், நம்ம வீட்லயே இருக்கு" என்று சிரித்தவள் இதே அக்காதான். தங்கை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த உறுத்தலில் இணையத்தில் தேடி வாங்கியதுதான் பருவைக் காயவைக்கும் என்று விற்கிற இந்த ஹை ஃப்ரீக்வென்சி மின்கருவி. கண்ணாடிக் குழலைச் செருகித் திருகினால் ஊதா வெளிச்சம். தோலருகே கொண்டுபோனால் குட்டிக் குட்டிப் பொறி. கூடவே வந்த செய்முறைத் தாளை இருவரும் பிரிக்கவே இல்லை.

ஊசி போடுமுன் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது அக்காவின் கைப்பழக்கம். யோசிக்காமலே கன்னத்தைத் துடைத்தாள். வேலையிடத்தில் அது காயும்வரை பொறுப்பாள், வீட்டில் பொறுக்கவில்லை. ஈரக் கன்னத்தில் குழலை வைத்ததும் பொறி பட்டு ஸ்பிரிட் குப்பென்று பற்றிக்கொண்டது. துண்டால் அமுக்கி அணைத்து, குழாய்த் தண்ணீரில் முகத்தைப் பிடித்தாள்.

"யார் பண்ணது?" என்றார் தோல் மருத்துவர்.

"நானேதான் டாக்டர்," என்றாள் தங்கை.

"பொய் சொல்றா. நான்தான்." அக்கா முன்னால் வந்தாள்.

"இந்த மெஷினை வைக்குமுன்ன முகம் நல்லா காஞ்சிருக்கணும்மா. ஸ்பிரிட், சென்ட் படவே கூடாது. கம்மல், செயினைக் கழட்டணும். இதயத்துல பேஸ்மேக்கர் வச்சவங்க, கர்ப்பமா இருக்கவங்க இதைத் தொடவே கூடாது. இவ்வளவு பருவுக்கு மொதல்ல இங்க வந்திருக்கணும்."

சில மாத மருந்தில் பருக்கள் அடங்கின. கன்னத்தில் தழும்பு தங்கிவிட்டது.

"கடையில உன்னை முன்னாடி கூப்பிட்டாங்களாடி?"

"இப்பத் தழும்பு தெரியுதாம்க்கா."

அக்கா அந்தக் கன்னத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "பரு மருந்துக்குப் போயிருச்சு. நான் பேசுன பேச்சுதான் உன்னை இங்க கொண்டாந்து விட்டுச்சு. மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி தாளைப் படிக்கணும், டாக்டரைக் கேக்கணும். அதுக்கும் முன்னாடி, அடுத்தவ முகத்தைப் பாத்துச் சிரிக்கிறத நிறுத்தணும்."

"விடுக்கா, பஸ் போயிரும்," என்று தங்கை பின்னறை வேலைக்குக் கிளம்பினாள்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்த முதலாளிக்கு யார் புரியவைப்பது? உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்களேன்?