பதினான்காம் நாள்

நாகையாவுக்கு மூளையைப் பற்றி அதிகம் தெரியாது. அதை வெட்டத் தெரியும். யுத்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் பழகிய கை. அதனால்தான் மலாயாவின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பங்களாவைப் பிடித்துக்கொண்ட ஜப்பானிய ராணுவ டாக்டர், வாரம் இரண்டு படி அரிசிக்கு அவனை வேலைக்கு வைத்தார். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றபோது அவன் வீட்டில் சோறு. அந்தச் சோறு அவனுக்குத் தொண்டையில் இறங்கியதில்லை.

டாக்டருக்கு ஒரே பைத்தியம். மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸிலிருந்து மேலுறையான புறணிக்கும், அடியிலிருக்கும் நரம்பு முடிச்சுகளுக்கும் எந்த நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று வரைந்துவிட வேண்டும். நல்ல மூளையில் அந்த வழி தெரியாது. அடிபட்ட நரம்பு உள்ளே அழியத் தொடங்கியிருந்தால்தான் மருந்தில் ஊறி, கறுப்புப் புள்ளிகளாக வழிகாட்டும். அதற்கு அவர் வைத்த கெடு, அடிபட்டதிலிருந்து பதினான்கு நாள். ஆகவே ஜாடிகளில் பெயர் எழுதும் வழக்கமில்லை. அடிபட்ட தேதி மட்டும்தான். மண்டையில் அடிபட்டுப் பின்கட்டில் கிடந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் பதினான்காம் நாளே எப்படிச் சாகிறார்கள் என்று நாகையா கேட்டதில்லை. பயந்தான். அந்தப் பயத்துக்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் வைத்துக்கொண்டான்.

1944 மாசியில் ஒரு நாள், வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிக் கூலிக் குடியிருப்பு வரிசையிலிருந்து தூக்கி வரப்பட்டவன் சபாபதி. நாகையாவின் மனைவி வள்ளியம்மாவுக்கு ஒரே தம்பி. ரயில் யார்டில் இரும்புக் கம்பி மண்டையில் விழுந்து பத்து நாள் ஆகியிருந்தது. வலது கை தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார், தான் தேடிய இடத்திலேயே அடி என்று முகம் மலர்ந்தது.

“அடிபட்டு எத்தனை நாள்?” என்று மலாயில் கேட்டார்.

“மூணு நாள், துவான்,” என்று பணிவாகச் சொன்னான் நாகையா.

தேதி விஷயத்தில் டாக்டருக்கு நாகையாவின் வாக்கே வேதவாக்கு. தலையாட்டிவிட்டுப் போனார். சபாபதிக்கு மிச்சமிருந்த நான்கு நாள் பதினொன்றாகிவிட்டது.

“மச்சான், இந்தக் கை நிக்கவே மாட்டேங்குது,” என்றான் சபாபதி. “இங்க நல்லா பாப்பாங்களா?”

“பேசாம படு லா. வியாழக்கெழம கௌஸ் பாய் வெறகு லோரி கொண்டாருவாரு. அதுல கிள்ளானுக்குப் போயிரு. ஒங்க அக்காவும் அங்கதான் போவுது.”

வியாழக்கிழமை, விறகு இறக்கிய லோரியில் காலிச் சாக்குகளுக்கு அடியில் அவனைப் படுக்கவைத்தான். கை பலகையில் தட்டிச் சத்தம் போடாமலிருக்கக் கைலியால் அதை உடம்போடு கட்டினான். காவல்காரன் எட்டிப் பார்த்துவிட்டு வழிவிட்டான். லோரி போனதும் நாகையாவுக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷத்தில் அவன் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

“காலரா, துவான். அவன் செத்துட்டான், உடனே பொதைச்சிட்டோம்,” என்று டாக்டரிடம் சொன்னான். காலரா என்றால் அவரும் ஓரடி பின்வாங்குவார். பின்வாங்கினார். அப்போதுதான் ஜாடி அலமாரியில் அவர் கண் நின்றது.

சபாபதி வந்த அன்றே, வழக்கம்போல் அவனுக்கும் ஒரு ஜாடி கழுவி, சீட்டு ஒட்டி வைத்திருந்தான் நாகையா. வாய் பொய் சொன்னது. பழகிய கை, பழக்கத்தில், உண்மையான தேதியை எழுதிவிட்டது.

டாக்டர் சீட்டைப் படித்தார். விரல்விட்டு எண்ணினார். கோபமே காட்டவில்லை. மூலையில் கிடந்த இரும்புத் தடியை எடுத்தார்.

நாகையாவுக்கு நினைவு வந்தபோது சபாபதியின் கட்டிலில் கிடந்தான். கண்ணில் ரத்தம் வழிந்தது. லோரி இந்நேரம் கிள்ளானைத் தொட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதில் ஒரு நிம்மதி இருந்தது. எதிரே டாக்டர் அதே ஜாடியில் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். இந்த முறை தேதியை அவரே எழுதினார். அன்றைய தேதி.