கிளெனிஸின் தையல் இயந்திரமும் எண்பத்தைந்து சதவீதமும்

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. காருக்குப் பின்னால் சக்கர வீட்டை இழுத்துப் போகிற எங்கள் கேரவன் சங்கத்தின் மாத இதழுக்கு, 'உங்கள் காருக்கு ஏற்ற கேரவன்' என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். பெவர்லி ஊருக்கு வெளியே சங்கத்தின் எடைமேடையில் இருபத்திரண்டு வருடமாக எடை பார்த்து நிற்கிறேன். என்னை விட்டால் யார் எழுதுவது?

முதல் தொடக்கம்: "விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது கேரவனுக்கும் பொருந்தும். காரின் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் கேரவன் கனத்தால்—"

(அடித்துவிட்டேன். இதையே பத்து வருடமாக எழுதுகிறேன். படித்துவிட்டு ஒருவரும் ஒரு வாணலியைக்கூட இறக்கியதில்லை.)

இரண்டாவது: "சாமான்களை ஏற்றிய பிறகே எடை போடுங்கள். கூடுதலாக இருந்தால் எதை இறக்குவது என்பதை—"

இங்கே பேனா நின்றுவிட்டது. யார் முடிவு செய்வது? கிளெனிஸ் ஞாபகம் வந்துவிட்டது. உண்மையில் அவளை மறக்கத்தான் இந்தக் கட்டுரைக்கு ஒப்புக்கொண்டேன். அசதியாக இருக்கிறது. இனி கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

2

கிளெனிஸும் அவள் கணவன் ட்ரெவரும் முப்பத்தொரு வருடமாகக் கோடையில் விட்பிக் கடற்கரைக்குக் கேரவன் இழுத்துப் போகிறவர்கள். போன வருடம் வரை பெரிய டீசல் கார். ட்ரெவருக்கு முழங்கால் போனதும் அந்த உயரத்தில் ஏற முடியவில்லை. தாழ்வான, எடை குறைந்த குடும்பக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்தவள் கிளெனிஸ்தான். கேரவனோ பழையதே. குருவி தலையில் பனங்காய்.

ட்ரெவரை முதலில் வில்லனாக எழுதிப் பார்த்தேன். கதை நன்றாக ஓடியது, ஆனால் பொய்யாக இருந்தது. போன வருட ஆகஸ்டில் மேட்டுநிலச் சாலையில், காற்றில் அவன் கேரவன் பாம்பாய் நெளிந்திருக்கிறது.* அதிலிருந்து அவனுக்குப் பயம். மனைவியைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம். அதை என்னிடம்தான் சொன்னான், அவளிடம் சொல்லவில்லை.

* காரோடு மாட்டுகிற கொக்கியில் கனம் கூடிவிட்டது என்று அரிசியையும் டின்களையும் பின்பக்கம் தள்ளிவிட்டான். ஆள் எடை பார்க்கும் குளியலறைத் தராசைக் கொக்கிக்கு அடியில் வைத்து, துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்து அளந்து, "கச்சிதம்" என்றானாம். வால் கனத்தால் வண்டி ஆடும். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தப்பு இது. நானும் செய்திருக்கிறேன்.

3

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை எங்களுக்கு எடை நாள். வரிசையில் முப்பது கேரவன். காரைக் கழற்றிவிட்டு, கேரவனை மட்டும் மேடையில் ஏற்றுவோம். கூடுதலாக இருந்தால் எல்லோர் முன்னாலும் இறக்க வேண்டும். பின்னால் நிற்பவர்கள் டீயோடு வேடிக்கை பார்ப்பார்கள்.

புதுக் கார் ஆயிரத்து ஐந்நூறு கிலோ. கேரவன் ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். முள் ஆயிரத்து முந்நூற்றுப் பத்தைக் காட்டியது.

"முப்பத்தஞ்சு இறக்கணும், ட்ரெவர்."

"அதுக்கென்ன, வேண்டாததெல்லாம் ஏகப்பட்டது கெடக்கு."

உள்ளே போனான். அவளுடைய சாய்வு நாற்காலி வந்தது. கேக் தட்டுகள் வந்தன. ஒரு பெட்டி நிறையப் புத்தகம், ரப்பர் பூட்ஸ், துணி மூட்டை.

"துணி எதுக்கு இறக்குற?" என்றாள் கிளெனிஸ்.

"தைக்கிற துணிதானே, கண்ணு. சாப்பிடற சாமானா?"

"உன் தூண்டில் மட்டும் சாப்பிடற சாமானா? முப்பது வருஷத்துல ஒரு மீன் வந்திருக்கா?"

வரிசை சிரித்தது. ட்ரெவரும் சிரித்தான். முள் ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறில் நின்றது.

"இன்னும் பதினொண்ணு," என்றேன்.

அவன் தையல் இயந்திரத்தோடு வெளியே வந்தான். விட்பியில் மழை நாளெல்லாம் பக்கத்து கேரவன் பெண்கள் அவளிடம் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். கிளெனிஸுக்கு விடுமுறை என்றால் அதுதான்.

"ஆயிரத்து இருநூத்து எழுபத்தஞ்சு! தொட்டாச்சு!" என்று ட்ரெவர் கத்தினான். வரிசை கைதட்டியது.

கிளெனிஸ் சிமெண்டுத் தரையில் கிடந்ததைப் பார்த்தாள். "நெவில், இதுல அவனோடது ஏதாவது இருக்கா பாருங்க," என்றாள் என்னிடம்.

ஒன்றுமில்லை. கேரவனின் முன்பெட்டியில், வாசலில் கட்டுகிற கூடாரம் இருந்தது. இருபத்து நான்கு கிலோ. கட்ட இரண்டு மணி நேரம் ஆகும், ட்ரெவர் யாரையும் தொட விடமாட்டான். பெட்டிக் கதவு பாதி திறந்திருந்தது. எனக்குத் தெரிந்தது.

'கூடாரத்தை இறக்கு, மெஷினை ஏத்து' என்று நான்

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். அன்றும் நான் முடிக்கவில்லை. பின்னால் இன்னும் பத்தொன்பது கேரவன். கால் வலி. கணக்கு சரியாக இருந்தது, 'பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.)

4

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் ட்ரெவர் தானாகவே உணர்கிறான். படிக்க இதமாக இருக்கிறது, அவன் முகத்துக்கு ஒட்டவில்லை. இன்னொன்றில் கிளெனிஸ் தையல் இயந்திரத்தோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறாள். பதினொரு கிலோவை இந்த வயதில் அவள் எங்கே தூக்குவாள்? மூன்றாவதில் இயந்திரத்தைத் தரையிலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொள்கிறாள். நடந்தது அதுதான். விட்பியில் அந்தக் கோடை முழுக்க மழை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாளாம், பக்கத்துப் பெண்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு, பிறகு வரவில்லையாம்.

ஆனால் இது என் கதை, நடந்தது போலத்தான் முடிய வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் அந்தச் சனிக்கிழமையை மறுபடி மேடையில் ஏற்றுகிறேன். முள் ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்தில் நிற்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ட்ரெவர் கையைத் துடைத்துக்கொள்கிறான். கிளெனிஸ் கார்க் கதவின் பிடியில் கை வைத்திருக்கிறாள்.

அவர்களுக்கு அடுத்த கேரவன் உங்களுடையது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து முன்பெட்டியில் இருக்கும் கூடாரம் நன்றாகவே தெரியும். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.