கீழ்த்தளத்தில் பதினெட்டுப் பேர்

1

என் தங்கை ஒரு வாக்கியத்தை மாற்ற மறுத்துவிட்டாள். அந்த ஆத்திரத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு உன்னதமான காரணம் ஏதும் இல்லை. எழுதுகிறவர்கள் மழை பெய்தது, மனசுக்குள் ஒரு வரி விழுந்தது என்றெல்லாம் அளப்பார்கள். எனக்கு வந்தது வெறும் வயிற்றெரிச்சல்.

தங்கை ஓர் ஆஸ்பத்திரியில் புள்ளியியலாளர். நோயாளிகளைத் தொடமாட்டாள், அவர்களுடைய எண்ணிக்கையோடுதான் அவளுக்கு வேலை. முழங்கால் மூட்டு ஆபரேஷன் முடிந்தவர்களை அங்கே மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு வார்டுகளில் படுக்க வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் இருநூறு பேரை எடுத்துப் பார்த்ததில், மேலே ஒன்பது பேருக்குப் புண்ணில் சீழ் வைத்திருந்தது. கீழே பதினெட்டுப் பேருக்கு.

இது நிஜமான வித்தியாசமா, இல்லை தற்செயலா என்று நிர்வாகி அவளிடம் கேட்டார். நிஜம் என்றால் கீழ்த்தளத்துக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் எதுவும் மாறாது. நோயாளிகள் வழக்கம்போல வந்து படுப்பார்கள்.

அப்படி வந்து படுக்கப்போகிறவர்களில் ஒருவர் எங்கள் அப்பா. கீழ்த்தளம், ஜன்னலோரக் கட்டில்.

(இதைத்தான் முதல் வரியாக வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் நீங்கள் அந்த சிஸ்டரை எடுத்த எடுப்பிலேயே வெறுத்திருப்பீர்கள். நான் வெறுத்தேன்.)

2

கதையின் முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"சிஸ்டர் கையுறையைக் கழற்றாமலே டீ கிளாஸை எடுத்தாள். குடித்துவிட்டு அதே கையோடு அடுத்த கட்டிலுக்கு—"

நிறுத்திவிட்டேன். இதை நான் பார்க்கவே இல்லை. (வெறுப்பு வந்ததும் 'எடுத்தார்' போய் 'எடுத்தாள்' வந்துவிட்டதையும் கவனியுங்கள்.) வார்டைப் பார்த்துவரப் போன அன்று அவர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். "வழியில நிக்காதீங்கம்மா! இதென்ன பஸ் ஸ்டாப்பா?" என்று ஒரு கத்துக் கத்தினார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கத்தலை வைத்துக்கொண்டு அவர் கையில் அழுக்கைப் பூசியிருக்கிறேன்.

சரி, இரண்டாவது தொடக்கம்:

"சோப்புப் போட்டுப் போட்டு வெடித்துப்போன விரல்கள் அவருக்கு. ராத்திரி எண்ணெய் தடவிக்கொண்டு தூங்கினாலும் காலையில்—"

இதையும் பார்க்கவில்லை. மனசாட்சி உறுத்தியதற்காக எழுதியது.

3

நிர்வாகிக்கு எழுதிய அறிக்கையில் தங்கை மாற்ற மறுத்த வாக்கியம் இதுதான்: 'இரு தளங்களுக்கும் இடையே வேறுபாடு உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.'

அதைப் படித்துவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு ஒன்பது, இன்னொண்ணு பதினெட்டு. ரெண்டு மடங்குடி! கண்ணு தெரியலயா உனக்கு?"

"தெரியுதுக்கா. ரெண்டு தளமும் ஒரே மாதிரிதான்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ. அப்பவும் சும்மா தற்செயலா இவ்வளவு இடைவெளியோ, இதுக்கு மேலயோ வர்றதுக்கு நூத்துக்கு ஏழு வாய்ப்பு இருக்கு. அது அஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் வித்தியாசம் உண்டுன்னு சொல்லுவேன்னு ஆரம்பத்துலயே நிர்வாகிகிட்ட சொல்லிட்டேன்."

"ஏழுக்கும் அஞ்சுக்கும் நடுவுல அப்படி என்ன மலையா நிக்குது?"

"மலை இல்லதான். ஆனா கோடுன்னு ஒண்ணு வேணும்னா எங்கயாவது போட்டுத்தானே ஆகணும்?"

"அப்ப வித்தியாசமே இல்லங்கிற."

"இல்லன்னு நான் எழுதல. இருக்குன்னு சொல்ல முடியலன்னு எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேடி!"

"இல்லவே இல்லக்கா." மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "அதனாலதான் எனக்குத் தூக்கமே வரல."

(அடிக்குறிப்பு, ஆனால் இங்கேயே படித்துவிடுங்கள்: எண் என்றாலே தலை சுற்றுகிறவர்கள் இப்படி வைத்துக்கொள்ளலாம். இதில் தப்பு இரண்டு வகை. ஒன்றும் செய்யாதவரைக் குற்றவாளி என்பது ஒன்று. குற்றவாளியைச் சும்மா விடுவது இன்னொன்று. கோட்டை நகர்த்தி ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். "இன்னும் நிறைய பேரைப் பாத்தா ரெண்டையும் குறைக்கலாம்" என்கிறாள் தங்கை. அந்த நிறைய பேர் யார்? எங்கள் அப்பாவும்தான்.)

4

அவளுடைய பாடப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து படித்தேன். அரைகுறைப் படிப்பு ஆபத்து என்பார்கள். எனக்கு முதலில் அது வயிற்றில் பாலை வார்த்தது. 'வித்தியாசம் உண்டா?' என்று கேட்டால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், மேலே மோசமாக இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். 'கீழ்த்தளம் மோசமா?' என்று ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் அந்த ஏழு பாதியாகிவிடும். மூன்றரைச் சொச்சம். கோட்டுக்குக் கீழே!

உடனே போன் போட்டேன். "கேள்விய மட்டும் மாத்துடி. வேற ஒண்ணும் செய்ய வேணாம். பொய் சொல்லச் சொல்லல நான்."

"விடையப் பாத்துட்டுக் கேள்விய மாத்துறது பொய்யைவிட மோசம்க்கா. எந்தப் பக்கம்னு எண்ணுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். மேல பதினெட்டு வந்திருந்தா நீ அந்தப் பக்கத்தக் கேக்கச் சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். அப்பாவ மேல படுக்க வச்சிருந்தா."

"நானும் ஒரு பக்கமா மட்டும் போட்டுப் பாத்தேன்" என்றாள். "அப்பாவுக்குக் கீழ கட்டில் ஒதுக்கினாங்கன்னு தெரிஞ்சதும். மூணரைக்கு மேல கொஞ்சம் வந்துச்சு. உடனே அழிச்சுட்டேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறொன்று.

(கதை எழுதுகிற என்னிடம் போய் இதைச் சொல்கிறாளே! எங்கள் பிழைப்பே விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை எழுதுவதுதான். முடிவில் யார் சாகிறார் என்று தெரிந்துகொண்டு, முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் ஒருத்தர் கையில் அழுக்கைப் பூசுவோம். வாசிக்கிறவர்கள், "அப்பவே நினைச்சேன்" என்பார்கள். அப்பாவின் புண் ஆறினால் வெடித்த விரல்களை வைத்துக்கொள்வேன். சீழ் பிடித்தால் டீ கிளாஸ். சிஸ்டர் என்ன செய்தார் என்பது இரண்டிலுமே இல்லை.)

5

"அப்ப ஒண்ணு பண்ணு. அப்பாவ மேல மாத்தச் சொல்லு. நீ ஒரு வார்த்தை சொன்னா மாத்திட மாட்டாங்களா?" என்று அதே போனில் கேட்டேன்.

"மாத்துவாங்க. எழுதினவளே அவங்கப்பாவ மாத்திட்டான்னு தெரிஞ்சா, அப்புறம் அந்த சிஸ்டர் கதி? கட்டிலும் காலியா கிடக்காதுக்கா. வேற யாரோட அப்பாவாவது படுப்பாரு."

"படுக்கட்டுமே!"

(இந்த வார்த்தையை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம். சொன்னது நான்தான்.)

ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருவரும் அப்பாவிடமே போய்ச் சொன்னோம். அவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர், கிளட்ச் மிதித்தே இடது முழங்காலைத் தேய்த்தவர். பஞ்சாயத்து மாதிரி எதிரெதிரே எங்களை உட்கார வைத்துக் கேட்டார்.

"நூறு பேரு படுத்தா?"

"மேல நாலஞ்சு பேருக்கு வருதுப்பா. கீழ ஒன்பது பேருக்கு" என்றாள் தங்கை.

"அப்ப கீழயும் தொண்ணூத்தி ஒரு பேரு நல்லபடியாத்தான வீட்டுக்குப் போறான்? நான் ஓட்டின ரோட்டுக்கு இது எவ்வளவோ தேவல." எனக்கு ஒரு பார்வை, அவளுக்கு ஒரு பார்வை. "சின்னவ எழுதினத சின்னவளே நம்பலன்னா எவன் நம்புவான்? கீழயே போடு."

"அப்பா, கீழ நல்லா இருக்குன்னு நான் எழுதலப்பா." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தெரியும்மா. கெட்டுக் கிடக்குன்னும் எழுதலல்ல."

எனக்கு வந்ததே கோபம். "உங்க ரெண்டு பேரோட ரோஷத்துக்கு ஒரு முழங்காலா கிடைச்சுது?" என்று கத்திவிட்டு எழுந்து போனேன். வாசலில் நின்று செருப்பைத் தேடினேன். போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

6

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி முடிவு. இரண்டு வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: புண் ஆறுகிறது. அப்பா நடக்கிறார். தங்கை நிமிர்ந்து நிற்கிறாள். ஆனால் ஒருவர் தப்பினார் என்பதற்காகக் கீழ்த்தளம் நல்ல தளமாகிவிடாது என்று அவளே சொல்வாள்.

முடிவு இரண்டு: சீழ் பிடிக்கிறது. அப்போதும் அதையேதான் சொல்ல வேண்டும். ஒருவருக்கு வந்ததை வைத்து இருநூறு பேரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மேலே படுத்திருந்தாலும் வந்திருக்கலாம். அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழுமா? கேட்டுக்கொண்டு நான் சும்மா—

இதை எழுதுவது கீழ்த்தளத்து வராந்தா பெஞ்சில். அப்பாவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். ஆபரேஷன் ஆனால் காய்ச்சல் சகஜம் என்கிறார்கள். சீழ் பிடித்தாலும் காய்ச்சல் வரும். கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பெரிய சிஸ்டர் கட்டுப் பிரிக்கிற தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். போகும்போது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வலிக்கிறது. விடச் சொல்ல மனசில்லை.

"அக்கா, ஏதாவது ஆச்சுன்னா என்னைத் திட்டுவியா?"

"தெரியலடி."

பயமாக இருக்கிறது. அப்பாவுக்காக மட்டும் இல்லை. அந்தக் கதவு திறந்ததும், இன்றுவரை எனக்குத் தெரியாத அந்த சிஸ்டரை எனக்கு நன்றாகத் தெரிந்துவிடும். அதுவும் பயமாக இருக்கிறது.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். அந்த சிஸ்டர் அலட்சியக்காரரா, இல்லையா? யோசித்துச் சொல்கிறேன் என்பீர்கள். நேரமில்லை, உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்கிறது. இப்போதே சொல்லிவிடுங்கள். கட்டைப் பிரித்த பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் செல்லாது. நான் சொன்னாலும்தான்.