ஐந்தாம் பக்கத்து எச்சரிக்கை

கறை பட்ட துணியைவிட, கறையை எடுக்கிறேன் என்று தேய்த்துக் கெடுத்த துணிதான் சலவைக் கடைக்கு அதிகம் வரும். அப்படி வந்த ஒரு சால்வையைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

அந்தக் கடையை நடத்தியவள் கைகாரி. துணியை மோந்து பார்த்தே எண்ணெயா, மையா, மருந்தா என்று சொல்லிவிடுவாள். அவள் கணவர் உள்ளே இஸ்திரி போடுவார். வாயைத் திறந்தால் பெட்டியின் சூடு ஆறிவிடும் என்பது போல, பேசவே மாட்டார். பல வருஷம் பெட்டியை அழுத்தி அழுத்தி அவருக்கு வலது தோள் போயிருந்தது. ஆவியில் ஓடும் இஸ்திரி இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டால் அந்தத் தோள் தப்பிக்கும் என்பதே அவளுக்கு ஓயாத நினைப்பு.

கூட்டமில்லாத மதியங்களில் தனக்குத் தெரிந்ததை அவள் எழுத ஆரம்பித்தாள். கொழுந்தன் அதற்கென்று ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்தான். பெயர் ‘சலவைச் சித்தி’. எந்தக் கறைக்கு எது கேட்கும், எந்தத் துணிக்கு எது ஆகாது என்று, அடுப்படியில் நின்று அக்கா மகளிடம் சொல்வது போல எழுதுவாள். முகம் தெரியாதவர்களெல்லாம், “சித்தி, என் சட்டையில பேனா கக்கிடுச்சு” என்று எழுதிக் கேட்டார்கள். ஒருத்தரையும் விடாமல் பதில் சொன்னாள். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் மூச்சு விடவில்லை. “எல்லாரும் வீட்டுலயே வெளுத்துக்கிட்டா நான் யார் சட்டைய தேய்க்கறது?” என்று கணவர் கேட்டுவிட்டார். அவர் அந்த வருஷம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஒருநாள் கொழுந்தன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான்.

“அண்ணி, இத்தனை பேரு வந்து படிக்கறாங்க. விளம்பரத்துக்கு இடம் குடுத்தா காசு வரும்.”

“எப்படிப்பா வரும்?”

“மூணு வழி இருக்கு. விளம்பரம் ஆயிரம் தடவை கண்ணுல பட்டா இவ்வளவுன்னு ஒண்ணு. அது சில்லறை, ஆனா தினமும் சொட்டும். யாராவது அதை அழுத்தினாத்தான் காசுன்னு இன்னொண்ணு. அது கொஞ்சம் கனம். மூணாவது, அழுத்தினவங்க போய் பொருளை வாங்கினா நமக்குக் கமிஷன். விழுந்தா மொத்தமா விழும், இல்லேன்னா காலி டப்பா.”

“மூணையும் வெச்சுக்கக் கூடாதா?”

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆனால் அவள் கண் உள்ளே இருந்த அந்தத் தோள்மேல் இருந்தது. அதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

“தாராளமா. ஆனா ஒரே பக்கத்துல எல்லாத்தையும் கொட்டிட்டா விளம்பரத்தை ஒரு தடவைதான் பார்ப்பாங்க. அஞ்சாப் பிரிச்சுடலாம்.”

“பாலுல தண்ணி ஊத்தற மாதிரி இருக்கே?”

“நம்ம பால்காரர் கார் வாங்கிட்டார் அண்ணி.”

சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மறுக்க முடியுமா? பிரித்தார்கள். அப்புறம் ‘அடுத்த பக்கம்’ என்ற பொத்தானை விளம்பரத்துக்கு ஒட்டினாற்போல், அதே நிறத்தில் வைத்தான்.

“தெரியாம விளம்பரத்தை அழுத்திடுவாங்களே?”

“தெரிஞ்சு அழுத்தினாலும் அதே காசுதான்.”

கடைசியாக வந்தது ஒரு வெளுப்புத் திரவம். பாட்டிலுக்கு இவ்வளவு கமிஷன். அவளே வாங்கிச் சோதித்தாள். வெள்ளைப் பருத்திக்கு நன்றாகத்தான் கேட்டது. அப்படியே எழுதினாள். ஆனால் முதல் வரி இது: ‘கம்பளியிலும் பட்டிலும் இதைத் தொடவே தொடாதீர்கள். இழையை அரித்துவிடும்.’

கொழுந்தன் படித்துவிட்டு உச்சுக் கொட்டினான். “விக்கறவங்க வாசல்லயே நின்னு பயமுறுத்துவாங்களா? பொய் சொல்ல வேணாம் அண்ணி. கடைசியில சொல்லுங்க.”

அந்த வரியை ஐந்தாம் பக்கத்துக்கு நகர்த்தியது அவன் கை இல்லை. அவளுடைய கைதான்.

அவள் கடைக்கு வழக்கமாக வருகிறவள் ஒரு நர்ஸ். வேலைக்கு ஓடுகிற ஓட்டத்தில் மூட்டையை மேசைமேல் வீசுவாள். “அக்கா, பார்த்துக்கங்க!” என்பாள். ரசீது வாங்க மாட்டாள், எண்ணிப் பார்க்க மாட்டாள். ஒரு காலை அவள் ஓடாமல் நடந்து வந்தாள். பையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையை எடுத்து விரித்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. சுற்றிலும் மஞ்சளாகி, தொட்ட இடம் உதிர்ந்தது.

“என்னம்மா ஊத்தினே இதுல?”

“டீ கொட்டிடுச்சுக்கா. நேத்து உங்க கடை லீவு. அம்மா இது இல்லாம படுக்க மாட்டாங்க. அதான் போன்ல பார்த்தேன். சலவைச் சித்தின்னு ஒருத்தங்க எழுதறாங்க. எங்க வார்டுல எல்லாருக்கும் அவங்கதான் கதி.”

சலவைக்காரியின் காது மடல் சுட்டது.

“முழுசாப் படிச்சியா?” கேட்ட வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மூணு பக்கம் படிச்சேன். அடுத்த பக்கம்னு அழுத்தினா பாட்டில் விக்கற இடத்துக்குப் போயிடுச்சு. சரி, சித்தியே அனுப்பறாங்கன்னு வாங்கிட்டேன். மதியத்துக்குள்ள வீட்டுக்கே வந்துடுச்சு.”

“அப்படி எழுதறவங்களை…”

“அய்யோ, அவங்களைச் சொல்லாதீங்கக்கா. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. என் புத்தியைச் சொல்லணும். லேபிள் படிக்காம யாருக்காவது ஊசி போடுவேனா? இதை மட்டும் படிக்காம ஊத்தியிருக்கேன்.” நர்ஸ் சால்வையின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினாள். “அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. இதைத் தடவிக்கிட்டேதான் தூங்குவாங்க. ஓட்டையில விரல் போச்சுன்னா கேப்பாங்க. துவைக்கக் குடுத்திருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன். தெரியாத மாதிரி தைச்சுத் தர முடியுமா?”

உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றுபோயிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் படியேறி வந்தான். “அண்ணி! நேத்து நம்ம பாட்டில் ஒண்ணு போயிருக்கு!”

நர்ஸ் திரும்பினாள். “நீங்களும் அந்த பாட்டில் விக்கறீங்களாக்கா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நர்ஸ் நம்பிவிடுவாள். அவள் நம்புகிற ரகம்தானே.

“விக்கறேம்மா,” என்றாள். “நான்தான் அந்தச் சித்தி. கம்பளிக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். எழுதியும் வெச்சிருக்கேன். அஞ்சாம் பக்கத்துல.”

நர்ஸ் சால்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஏன்க்கா அஞ்சாம் பக்கத்துல?”

“முதல்லயே சொன்னா வாங்க மாட்டாங்கன்னு.”

சொல்லி முடித்தபோது, நடுத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. நர்ஸ் சால்வையை, ஓட்டை உள்பக்கம் போகும்படி மடித்துப் பையில் வைத்தாள்.

“புதுசு வாங்கித் தரேம்மா.”

“புதுசுன்னு தொட்டவுடனே தெரிஞ்சுடும் அவங்களுக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“எழுதித்தானே அண்ணி இருக்கோம்,” என்று ஆரம்பித்தான் கொழுந்தன். “சட்டப்படி பார்த்தா…”

“வாயை மூடுடா,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அன்று மதியமே அவனை உட்கார வைத்தாள். ஐந்து பக்கமும் ஒன்றாயிற்று. எச்சரிக்கை முதல் வரிக்குத் திரும்பியது. கமிஷன் போயிற்று, அழுத்துகிற விளம்பரம் போயிற்று. அடியில், எந்தப் பொத்தானுக்கும் எட்டாத தூரத்தில் ஒரே ஒரு விளம்பரம் நின்றது.

“பார்வைக்கு மட்டுமா? இயந்திரம் வாங்க யுகமாகும் அண்ணி.”

“ஆகட்டும். இதுல வர்றவங்க பார்த்துட்டு அவங்க பாட்டுக்குப் போகலாம். நான் யாரையும் எங்கயும் தள்ளிவிட வேண்டாம்.”

கணவர் பெட்டியை இடது கைக்கு மாற்றிப் பழக ஆரம்பித்தார். அதைப் பார்க்கிறபோதும் அவள்தான் தலை குனிந்தாள். அவள் அவமானத்துக்கு இரண்டு பக்கமும் கூர்.

நர்ஸ் இனி வரமாட்டாள் என்றே நினைத்தாள். ஆனால் வந்தாள். மூட்டையை வீசவில்லை. மேசைமேல் அவிழ்த்து, உடுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள்.

“இதுக்கு என்ன போடுவீங்க?”

“சோப்பும் தண்ணியும்மா.”

“இதுக்கு?”

“இது மருந்துக் கறை. முதல்ல பச்சைத் தண்ணில ஊறப் போடுவேன். போகலேன்னா உன்னைக் கேட்டுட்டுத்தான் வேற எதுவும் தொடுவேன்.”

நர்ஸ் தலையாட்டிவிட்டு ரசீது கேட்டு வாங்கினாள். உடுப்புகளை எண்ணிச் சரிபார்த்தாள். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்கச் சலவைக்காரிக்கு வாய் எழவில்லை.

அதற்கப்புறம் எப்போது வந்தாலும் அப்படித்தான், கண்ணுகளா. ஒவ்வொரு துணிக்கும் அவள் கேட்பாள். ஒவ்வொரு துணிக்கும் இவள் பதில் சொல்வாள், முதல் வார்த்தையிலேயே.