பிறேக்கில வெச்ச கால்

தங்கச்சி ஸகியா, நித்திரையா? கையத் தா. இது என்னெண்டு தெரியுமா? பியூஸ். வாப்பாட சேட்டுப் பைக்குள்ள இரிந்து எடுத்துட்டன். கத்தாத, உம்மா எழும்பிருவா.

நாளைக்கு விடிய சுபஹுத் தொழுதுட்டு எல்லாரும் கண்டிக்குப் போறமே, அந்தப் புது வேன்ட பிறேக் பியூஸ். இது இரிந்தாத்தான் ஏபிஎஸ் வேல செய்யும். ஓங்கி மிதிச்சாலும் சில்லு சுத்தாம இறுகி வழுக்காது, வேனே விட்டு விட்டுப் பிடிக்கும். அப்ப காலுக்குக் கீழ பிறேக் கடகடெண்டு நடுங்குமாம். கால எடுக்காம மிதிச்சுட்டே இரிக்கணும்.

வாப்பாக்கு அது தெரியா. போன கிழம வரிப்பத்தான்சேனையில பாதி ரோட்ட அடச்சு நெல்லுக் காயப் போட்டிரிந்தாங்க. கிண்டிட்டிரிந்த பொம்புள சட்டெண்டு முன்னுக்கு வந்துட்டா. வாப்பா மிதிச்சாரு. நடுங்கினதும் பிறேக் உடஞ்சி போச்செண்டு பயந்து காலத் தூக்கிட்டாரு. வேன் நெல்லுல ஏறி, அவட சீலையில முட்டித்தான் நிண்ட. அவ ஏசினா.

"கண்ணு பொடரியிலயா இரிக்கி? நான் மௌத்தாகினா எண்ட நெல்ல ஆரு அள்ளுற?"

நம்மட மூத்தவன் ஸப்ரி காக்கா கராஜில வேல செய்றவன்தானே. "காலத் தூக்காதீங்க வாப்பா. அது ஒங்கள விடக் கெதியா விட்டுப் பிடிக்கும்" எண்டான்.

வாப்பாக்குக் கோபம் வந்துட்டு. "சுனாமிக்க, கடல் பின்னால வரக்குள்ள பழைய வேன்ல சனத்த ஏத்திட்டு ஓடினவன்டா நான். வாய்க்கால் கட்டு உடஞ்ச இடத்துல பிறேக்க விட்டு விட்டு மிதிச்சி, பம்ப் பண்ணிப் பம்ப் பண்ணி நிப்பாட்டினன். அண்டைக்கு எந்த ஏபிஎஸ்ஸு வந்த?"

மறுகா, ஆரு சரியெண்டு ஒலுவில் மணல் பாதையில ரெண்டு பேரும் மிதிச்சிப் பாத்தாங்க. காக்கா ஏபிஎஸ்ஸோட மிதிச்சான். வாப்பா பியூஸக் கழட்டிட்டு மிதிச்சாரு. வாப்பாதான் கொஞ்சத் தூரத்துலயே நிப்பாட்டின.

"பாத்தியாடா கராஜ்!"

"மணல்ல அப்பிடித்தான். இறுகின சில்லு மணலக் குவிச்சி நிக்கும். தார்ல செஞ்சி பாருங்க."

அவர் கேக்கல்ல. பியூஸ் பைக்குள்ள போச்சு. ஏபிஎஸ் இல்லெண்டு முன்னுக்கு எரிஞ்ச மஞ்சள் லைட்டுக்குக் கறுப்பு டேப் ஒட்டிட்டாரு.

இண்டைக்குப் பின்னேரம் அவரோட நான் மட்டும்தான் போன. மழ தூறின தார் ரோட். நாயொண்டு குறுக்க பாஞ்ச. பம்ப் பண்ண எங்க நேரம்? ஒரே மிதி, சில்லு இறுகிட்டு. ஸ்டியறிங் திரும்பின, வேன் திரும்பல்ல ஸகியா. நேரா இழுத்துட்டுப் போய் மதகுக் கட்டுல உரசி நிண்ட. வாப்பா ஸ்டியறிங்கப் பிடிச்ச கைய விடவே இல்ல. "உம்மாட்டச் சொல்லாத மகள்" எண்டாரு. வாப்பா என்னட்டக் கெஞ்சி நான் கண்டதில்ல.

முந்தியெண்டா செக்பொயிண்டுக்குச் செக்பொயிண்டு நிக்கணும், வேகமே வராது. சண்ட முடிஞ்ச பொறகு பறக்கிறாரு. நாளைக்கு மகியங்கன மலை வளைவு. முன் சீட்ல நம்மட மூத்த ராத்தாவும் அவட கைப்புள்ளையும்.

நான் இப்ப போய் இத மாட்டினா, பிறேக் நடுங்கும், காலத் தூக்கிருவாரு. மாட்டாட்டி, வேன் திரும்பாது. எதச் செய்ற நான்? சொல்லு.

பொறு. சுவரப் பாரு. சிவப்பாத் தெரியிதா? வேன்ட பின் லைட். வாப்பா இருட்டுல தனியக் குந்திட்டிரிக்காரு. மிதிக்காரு, விடுறாரு. எரியிது, அணையிது. எரியிது, அணையிது.

இந்தா, திரும்ப எரியிது.

இன்னும் அணையல்ல. கால எடுக்கல்ல அவர்.